வாக்குத்தத்தப் பெட்டியில் வந்த எழுத்து

சுருட்டியிருந்த சீட்டைப் பிரித்த சத்தியநேசன் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது அவர் எழுதிய சீட்டு இல்லை.

அவர் எழுதிப் போட்டவை நாற்பது. ஒற்றைச் செருப்பு, ஓட்டைக் குடை, வேகாத மரச்சீனிக் கிழங்கு, இப்படி. நாகர்கோவில் பத்திரிகைக்கு வாரம் ஒரு கதை எழுதுகிற மனுஷன் கரு வற்றிப்போனால் என்ன செய்வார்? காலை ஜெபம் முடிந்து வேத வசனச் சீட்டு எடுக்கிற வாக்குத்தத்தப் பெட்டி கண்ணில் பட்டது. வசனம் கொடுக்கிற கர்த்தர் கருவும் கொடுக்கட்டுமே என்று, வசனங்களை அள்ளி அலமாரியில் போட்டுவிட்டு, வீட்டுச் சாமான்களின் பெயரைச் சீட்டுகளில் எழுதி உள்ளே வைத்தார். துணிச்சலைப் பாருங்கள்!

இந்தச் சீட்டிலோ கோணல் மாணலாக, 'கிழக்கு மூலை விழும்' என்றிருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மனைவி ராகேல் கல்யாணப் பதிவில் கைநாட்டு வைத்தவள். பிறகு யார்?

"ஒரு காரியம் சொல்லணும்..." என்று ராகேல் வந்தாள்.

"ம்" என்றார். கரு கிடைத்துவிட்டால் வீட்டில் அவர் பேசுகிற ஒரே எழுத்து அதுதான்.

"இன்னைக்கு வியாழன். போயிட்டு வாறேன்."

"ம்."

மூலை இடிந்து விழுகிற வீட்டைப் பற்றி, படிக்கிறவன் குலை நடுங்கும்படி ஒரு கதை எழுதி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை அடுக்களையின் கிழக்கு மூலைக் கூரை, செல்லரித்த கழிகளோடு பானை சட்டி எல்லாவற்றின் மேலும் விழுந்து கிடந்தது.

வாத்தியார் அவசரமாக ஒரு ஜெபம் பண்ணினார். ஆனால் கதை எழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? மறுபடி பெட்டியைத் திறந்தார். மேலாகக் கிடந்த சுருளில், 'கறுத்த ஆடு நிக்காது'. அதையும் கதையாக்கினார். தபாலில் போட்டுத் திரும்பினால், தொழுவத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

ராகேல் அந்த இற்றுப்போன கயிற்றைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்து நின்றாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

தெய்வகுற்றம்தான், சந்தேகமே இல்லை. தன் சீட்டுகளை அடுப்பில் போட்டு எரித்து, வசனங்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கி, மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஜெபம் முடிந்து வசனம் எடுத்தார்.

'சனிக்கிழமை இந்த வீட்டில் ஒரு ஆள் இருக்காது.'

சபையிலிருந்து ஏசுஅடிமை உபதேசியாரைக் கூட்டிவந்தார். உபதேசியார் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மக்கா, இது மனுசன் எழுத்தாட்டு தெரியல்ல. வசனத்துக்க இடையில வந்திருக்கு. தப்பாது."

"ஆரு உபதேசியாரே? நானா, ராகேலா?"

"ஒரு ஆளுன்னுதானே இருக்கு" என்று சொல்லி, கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

வாத்தியாருக்கு ராகேல் என்றால் உயிர். அவளிடம் அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான். "என்னை எடுத்துக்கிடும் ஆண்டவரே, அவளை விட்டிரும்" என்று முழங்காலில் நின்று அழுதார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை அழைத்தார். "நாளைக்கு என்ன நடந்தாலும் கலங்காதே, கேட்டியா?"

ராகேல் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியா?"

"இல்ல." சொன்னால் பயந்துவிடுவாளே!

சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, வேதப்புத்தகத்தை நெஞ்சில் வைத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. சாகப்போகிறவன் ஈயை விரட்டலாமா? விரட்டவில்லை. எங்கேயோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதுதான் வருகிறது என்று இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

மத்தியானம் பசித்தது. செத்தவனுக்குப் பசிக்காது. எழுந்தார். வீடு கப்சிப்பென்று இருந்தது. அடுப்பு ஆறிக் கிடந்தது.

"ராகேலே!"

தொழுவத்திலும் இல்லை. ஒரு ஆள். ஐயோ, அவளா!

தண்ணீருக்குப் போய் விழுந்திருப்பாள் என்று கோட்டோடு குளத்துக்கு ஓடினார். ஊரே கூடிவிட்டது. நாலுபேர் கம்பு விட்டுக் கலக்கினார்கள். உபதேசியார் முன்ஜாக்கிரதையாகக் கரையில் அடக்கப் பாட்டைத் தொடங்கிவிட்டார். வாத்தியார் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதார்.

அப்போது களியக்காவிளைப் பக்கமிருந்து வண்டிக்காரன் வைகுண்டராஜனின் வெறும் மாட்டுவண்டி வந்து நின்றது.

"வாத்தியாரே, அங்க என்ன தேடுதிய? ராகேல் அம்மைய நான்லா காலையில அவிய அண்ணன் வீட்டில கொண்டு விட்டேன். உங்களுட்டக் குடுக்கச் சொல்லி இதைத் தந்தாவ."

நீட்டிய சீட்டில் அதே கோணல் எழுத்து. 'சொல்லியும் பாத்தேன், எழுதியும் போட்டேன். கேக்கல்ல.'

வாத்தியார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது... ஆரு எழுதினது?"

"வண்டியில இருந்துக்கிட்டு அவியதான் எழுதினாவ" என்றான் வைகுண்டராஜன். "ஒண்ணர வருசமா மிஷன் வெள்ளக்கார அம்மைட்ட எழுத்துப் படிக்கப் போறாவளே, வியாழக்கிழமை தோறும் உங்களுட்டச் சொல்லிட்டுத்தானே வண்டியில ஏறுவாவ?"