இருபதாவது ரோஜா

ஓசூர்ப் பக்கம் ரோஜாவை எண்ணத் தெரியாத ஆள் கிடையாது. எண்ணத் தெரிந்தும் எண்ணாமல் எங்கள் உயிரை வாங்கியவள் ஒரே ஒருத்திதான். பெயர் பிரெஞ்சு. நாங்கள் வைத்த பெயர்.

நான் பூப்பண்ணையில் வேன் ஓட்டுகிறேன், ரோஜாக் கட்டும் கட்டுகிறேன். ஐந்தாவதோடு நின்றவன். அவள் விடியும்போதே கட்டு கட்டும் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். ஒன்பதரைக்குக் காலேஜ். ஆங்கில இலக்கியம். மொழிப் பாடம் பிரெஞ்சு.

"தமிழ்நாட்ல இருந்துக்கினு எதுக்குமா பிரெஞ்சு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"வீட்ல தெலுங்கு மேஸ்திரி. படிச்சது அத்திப்பள்ளியில, கன்னடம். தமிழ் எடுத்தா எல்லாருக்கும் பன்னெண்டு வருசம் பின்னால நிக்கணும். பிரெஞ்சுன்னா எல்லாருக்குமே ஒண்ணாங்கிளாஸ்தான்."



ஒரு கட்டுக்கு இருபது பூ. அவள் பூவுக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்லி வைப்பாள். வார்த்தை வராவிட்டால் பூவும் வராது. தினமும் பத்தொன்பதில் கை நின்றுவிடும். நிற்பதும் ஒரே வார்த்தையில். ஜன்னல்.

"வண்டி கிளம்பணும், வைம்மா."

"வர்ல மேஸ்திரி."

"பூ கையிலதான கீது?"

"வார்த்தை வர்ல."

பெங்களூர் மார்க்கெட்டே ஒரு ஜன்னலுக்காகக் காத்துக் கிடந்தது.

கடைசியில் அவள் நோட்டைப் பார்த்துச் சொல்வதைக் கேட்டு, நாலாம் நாளே எனக்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். முறைத்தாள். "நீங்க சொன்னா அது உங்க பூண்ணா."

இலக்கியத்திலும் இதே கதைதான். வாடிய ரோஜாவைப் பார்த்துக் கவிஞர் ஏன் வருந்துகிறார் என்று பரீட்சையில் கேள்வி. 'வெட்டியதும் தண்ணீரில் வைக்கவில்லை. கோல்டு ரூமில் வைத்திருந்தால் பத்து நாள் தாங்கும்' என்று எழுதிவிட்டு வந்தாள். இங்கிலீஷ் மேடம் சுழி போட்டார். "மேடம், ஒரு வாட்டி ஷெட்டுக்கு வந்து பாருங்க" என்று சண்டைக்குப் போனாள்.

கடைசியில் பிரெஞ்சு வாய்த் தேர்வு மட்டும் பாக்கி. ஒரு தடவை தோற்றிருந்தாள். இதுவும் போனால் டிகிரி இல்லை. தேர்வன்று கையில் ஒரு கட்டு ரோஜாவோடு என் வேனில் ஏறினாள்.

"பூ குடுத்து மார்க் வாங்க வந்தியா?" என்று தேர்வு அறை வாசலில் பிரெஞ்சு மேடம் மறித்தார்.

"இது எண்றதுக்கு மேடம்."

"வெளிய வச்சிட்டு வா."

கட்டை என்னிடம் நீட்டினாள். வெறுங்கையோடு உள்ளே போனாள். முகம் கல் மாதிரி இருந்தது.

வேனைத் தேர்வு அறையின் திறந்த ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். அறையில் இருக்கும் பொருள்களில் இருபதுக்கு பிரெஞ்சில் பெயர் சொல்லச் சொன்னார்கள். அவள் ஒன்று சொன்னாள். நான் பானெட் மேல் ஒரு பூவை வைத்தேன். பார்த்துவிட்டாள். நாற்காலி, மேஜை, கதவு என்று பத்தொன்பது வரை இரண்டு பேருமாக வந்தோம்.

நின்றது.

வார்த்தை என் நாக்கில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அது அவள் பூ.

"ஃபெனெத்ர" என்றாள். ஜன்னல்.

வைத்தேன்.

இப்போது ஜூஜுவாடி பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறாள். எனக்கு அந்த இருபது வார்த்தையும் தடையில்லாமல் வரும். இருந்தாலும் கட்டு கட்டும்போது பத்தொன்பதில் கொஞ்சம் நின்றுதான் இருபதாவதை வைக்கிறேன். மேஸ்திரியும் அவசரப்படுத்துவதில்லை.