செகண்ட் கியரின் பிரஷர்

ஜவ்வாது மலையில் எதற்கும் அசராத மனிதர் யார் என்று கேட்டால், புதூர்நாட்டில் எல்லோரும் ஜீப் டிரைவர் 'செகண்ட் கியரை'த்தான் காட்டுவார்கள். மலை முழுக்க அந்த ஒரே கியரில் ஏறி இறங்குவதால் வந்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

திருப்பத்தூரிலிருந்து அவர் ஜீப்பில்தான் நான் மலைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவேன். ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட்டது. எனக்கு உள்ளங்கை வேர்த்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவரோ பள்ளத்தை எட்டிப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தபடியே, "சார், இந்த வருசம் புளி இன்னா வெல போவும்?" என்றார்.

அப்பேர்ப்பட்டவர் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வாங்கப் போனார். துணைக்கு நான். கையில் பட்டையைச் சுற்றியதும் பிரஷர் நூற்றெண்பது! "கொறஞ்சாதான் கையெழுத்து" என்றார் டாக்டரம்மா. கையெழுத்து இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை. ஜீப்பை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

ஒரு வாரம் உப்பில்லாத சாமைச் சோறு தின்றுவிட்டு மறுபடி போனார். மெஷினைப் பார்த்ததுமே சட்டை தொப்பலாக நனைந்தது. நெஞ்சில் தட்டி, "அடங்குடா, மானத்த வாங்காத!" என்று இதயத்தையே அதட்டினார். பிரஷர் இன்னும் ஏறியது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அண்ணே, நெஞ்சு அடிக்கிறது, வேர்க்கிறது, சோறு செரிக்கிறது எல்லாத்தையும் நம்மளக் கேக்காமலே பாத்துக்கிற நரம்பு தனியா இருக்குங்க. பயந்தா அது ஆக்சிலேட்டர மிதிக்கும். நிம்மதியா இருந்தா பிரேக் போடும். அதட்டுனா கேக்காது."

"எனக்குத் தெரியாம என் வண்டியில இன்னொரு டிரைவரா? மொதல்ல அவன எறங்கச் சொல்லும்மா!"

"அவன் எறங்கிட்டா, நீங்க தூங்கும்போது யாருங்க ஓட்டுறது?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "இந்த நாற்காலில குந்துனாலே உதறுது சார். வண்டில குந்துனா ஒண்ணும் இல்ல" என்று என்னிடம் முனகினார்.

அது டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அவரை ஜீப்பில் ஏறி உட்காரச் சொன்னார். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் பட்டை. கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். நூற்று இருபத்தெட்டு! மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்ற கண்டிப்போடு கையெழுத்துப் போட்டார்.

"ஜீப்போட வர்றதா இருந்தா வர்றேம்மா" என்றார் செகண்ட் கியர்.

அப்போதுதான் கவனித்தேன், பிரஷர் இறங்குமா என்று பார்த்தபடி ஜீப்புக் கம்பியைப் பிடித்திருந்த என் கை சில்லிட்டுக் கிடந்தது. அந்த ஆளை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கு முன்பே என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.