நான் டாப்பெட் பார்த்த கதை

சில பேருக்குக் கவலை வந்தால் சாப்பாடு இறங்காது. எனக்குக் கை ஊறும். எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. (உங்கள் அம்மா ஏன் ஸ்குரூ டிரைவரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள் என்று கேட்டீர்களே பிள்ளைகளா, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.)

எங்களுக்குக் கல்யாணமான புதிது. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து, தஞ்சாவூர் ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, எதிர்ப்பக்கம் முழுச் சிவப்பு. டீ குடிக்கப் போனால்கூட எந்தப் பக்கக் கடை என்று யோசிக்க வேண்டும். உங்கள் தாத்தா, அதாவது என் மாமனார், மிராசுதாரின் கிழக்கு வயலை வாலிபத்திலிருந்து குத்தகைக்கு உழுதவர். அளந்த நெல்லுக்கு ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுத்ததும், "அவர் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு வந்து போன ஆள்" என்று மிராசுதார் தரப்பு ஒரேயடியாகச் சாதித்தது. தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. வயல் போச்சு.

"பஸ்ஸுல போயிடுங்க" என்றாள் உங்கள் அம்மா.

"வண்டி எதுக்கு இருக்கு?" என்றேன்.

கூத்தாநல்லூர் பாய் ஒருவரிடம் பழசாக வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. நன்றாகவே ஓடும். ஆனால் என்ஜின் தலையில் டிக் டிக்கென்று ஒரு சத்தம். "அது டாப்பெட் சத்தம் தம்பி. கொஞ்சம் இருக்கணும். கைய வெச்சிடாதீங்க" என்று பாய் அப்போதே சொன்னார். சொன்ன வாயோடு ஒரு ஃபீலர் கேஜையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் கொடுத்தார். (கையை வைக்காதே என்று சொல்லிவிட்டுக் கையில் ஆயுதத்தையும் கொடுத்தால் நான் என்னதான் செய்வேன்?)

ஃபீலர் கேஜ் என்பது விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். என்ஜினின் வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டுக்கும் நடுவில், அந்தத் தகடு லேசாக உரசி நுழைகிற அளவுக்கு இடைவெளி விட வேண்டும். புத்தகத்தில் படத்தோடு தெளிவாகவே போட்டிருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து கால் வலித்தது. நாளைக்கு என்ன கேட்பார்கள், யார் சாட்சி சொல்வார்கள் என்று மண்டை காய்ந்தது. கடைசியில் ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

மாமா வெற்றிலையை மென்றபடி பக்கத்தில் குந்தினார். "என்ன மாப்ள, வண்டிய குடலெடுத்துப் போட்டுட்டீங்க?"

"டாப்பெட் பாக்குறேன் மாமா. இங்க இடைவெளி விடணுமாம்."

"இடைவெளியா? அப்ப லீக்காவாதா?"

ஆமாம், ஆகாதா? வாழ்நாள் பூராவும் வரப்பில் எலி வளையை அடைத்து, மடையில் களிமண் அப்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகினாலும் பதறுகிற ஜாதி நாங்கள். எங்களிடம் வந்து இடைவெளி விடு என்று ஒரு புத்தகம் சொல்வதா? நட்டைத் திருகி ஓர் இடுக்குக்கூட இல்லாமல் இறுக்கினேன். தகடு என்ன, தலைமுடிகூட நுழையாது. புத்தகம் எழுதினவனுக்கு விவசாயம் தெரியாது என்று முடிவுகட்டினோம், இருவரும் ஏகமனதாக.

காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்பியது. டிக் டிக் சத்தமே இல்லை. "பட்டு மாதிரி போவுது மாப்ள!" என்று மாமா முதுகில் தட்டினார். பாதி வழி வரைக்கும் எனக்குத் தலைக்கனம் தாங்கவில்லை.

பாதி வழியில் வண்டி இருமியது, இழுத்தது, நின்றது. உதைத்தேன். வெறும் காற்றை உதைப்பது போலிருந்தது. (இரும்பு சூடானால் நீளுமாம். அதற்குத்தான் அந்த இடைவெளியாம். அது இல்லாததால் வால்வு மூடாமல் நின்று, என்ஜினின் பலமெல்லாம் ஒழுகிப் போயிருக்கிறது. மடையை அடைக்கிறேன் என்று நான் மடையைத் திறந்து வைத்திருக்கிறேன்!)

வேண்டாம் என்று நான் சொன்ன பஸ், எங்களைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என் பொண்ணு பஸ்ஸுன்னு சொல்லுச்சு" என்று மட்டும் வயலைப் பார்த்துச் சொன்னார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். நெஞ்சுக்குள்தான் இப்போது டிக் டிக்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. உள்ளே மிராசுதாரின் ஏஜென்ட். அவரும் அதே விசாரணைக்குத்தான் போகிறார்.

"என்னய்யா வைத்திலிங்கம், வெயில்ல நடந்தா போறே?" என்றார் மாமாவிடம்.

"மாப்ள டாப்பெட் பாத்துட்டாருங்க."

ஏஜென்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார். "கேசு ஆபீஸ்ல. ரோட்டுல என்ன? ஏறு." வண்டியை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

மூன்று பேரும் ஒரே காரிலிருந்து இறங்குவதை விசாரணை அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "என்ன, ரெண்டு பார்ட்டியும் ஒரே கார்ல? சமாதானமா? கேச முடிச்சிடலாமா?"

ஏஜென்ட் பதறிப் போனார். இது மிராசுதார் காதுக்குப் போனால் அவர் வேலை என்னாவது? "ஐயோ, சமாதானம்லாம் இல்ல சார்! நம்ம குத்தகைக்காரர், வயசான மனுஷன். மாப்பிள்ளை வண்டியக் கெடுத்து நடுரோட்டுல நிறுத்திட்டாரு. பாத்துட்டு எப்படி சார் விட்டுட்டு வர்றது?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "யாருன்னு சொன்னீங்க?"

"நம்ம குத்தகை..." என்று ஆரம்பித்த ஏஜென்ட்டின் வாய் அப்படியே நின்றது, என் வண்டி மாதிரி.

"இப்பதான சார் அவரு வாயாலயே சொன்னாரு!" என்று மாமா போட்ட சத்தத்தில் அடுத்த அறை ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பெயர் பதிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமா உங்கள் அம்மாவிடம், "மாப்ள கெடுத்த கெடுப்புல வயல் நின்னுச்சும்மா" என்றார். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிழக்கு வயல் என்றால் இப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. போன வாரம் நடவுக்கு வந்தவர்கள், "இன்னிக்கு எந்த வயலுங்க?" என்று கேட்டபோது, உங்கள் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டாப்பெட் வயல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க வாங்க, வேணாங்கல" என்றாள். "மடைய மட்டும் அடைக்காதீங்க."