ஆறு ஊசிகளும் ஒரு குங்குமக் கிண்ணமும்

உலகத்தில் எது கெட்டாலும் அதற்குக் காரணம் ஒன்றுதான் என்று நம்பிய ஒரே மனிதர் கப்பல்தான். விலைவாசி, வயிற்றுவலி, மேடைப் பேச்சு, கேன்டீன் சாம்பார் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் அவருடைய தீர்ப்பு மாறாது: "நாசில் சரியில்ல வே."

தொண்ணூறுகளில் மைசூர் மேட்டகள்ளிப் பக்கம், பவுடர் டப்பாவுக்கு மூடி செய்யும் பிளாஸ்டிக் ஃபேக்டரி ஒன்றில் நான் ஸ்டோர்கீப்பர். அவர் ஜெனரேட்டர் ஆபரேட்டர். தூத்துக்குடிக்காரர், பன்னிரண்டு வருஷம் கப்பல் இன்ஜின் ரூமில் எண்ணெயில் ஊறியவர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கப்பல், நேரில் அண்ணாச்சி.

கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் எப்படி வந்தது என்கிறீர்களா? இன்ஜின் முதலில் வந்தது, இவர் பின்னால் வந்தார். நாளுக்கு நாலு தடவை கரண்ட் போகும் காலம் அது. எங்கள் முதலாளி, உடைத்து விற்ற பழைய கப்பலொன்றின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அது கரண்ட் கொடுத்ததைவிடக் கரும்புகை கொடுத்ததுதான் அதிகம். உள்ளூர் மெக்கானிக்குகள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் வந்து ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாம் நம்பர் சொட்டுது" என்றார். கழற்றிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரில் டீசல் தெளிக்கும் நாசில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நாங்கள் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. கேன்டீனில் பரிமாறுகிறவரை ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"இங்க கேளும். பம்ப் டீசலத் தள்ளுது. நாசில் வாசல்ல ஒரு ஊசி. ஸ்பிரிங் அத அமுக்கி வச்சிருக்கு. பிரஷர் ஏறினாத்தான் ஊசி எந்திரிக்கும். அப்ப டீசல் பொடி ஓட்ட வழியா பனி மாதிரி பாயும். உள்ள காத்து அமுங்கி நெருப்பாக் கெடக்கு, பட்டதும் பத்திக்கிடும். பிரஷர் எறங்கின ஒடனே ஊசி டக்குனு உக்காந்துரணும். ஒழுகுச்சுன்னா கரும்புகதான். உம்ம கரண்டியப் பாரும், ஊத்தி முடிச்ச பொறவும் ஒழுகுது."

பரிமாறுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாம்பார் பேக்கா பேடவா சார்?" என்றார், வேணுமா வேண்டாமா என்று.

சலூன்காரரையும் விட்டுவைக்கவில்லை. தலையில் தண்ணீர் அடிக்கும் பாட்டில் பனியாகத் தெளிக்காமல் கோடாக அடித்தது என்று, பாதி வெட்டிய தலையோடு எழுந்து, அதைக் கழற்றிக் குண்டூசியால் குத்திச் சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தார். காத்திருந்த மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அந்த நாளில் ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு உண்டு. பூஜை முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். இன்ஜின் கிளம்பாவிட்டால் வருஷமே போச்சு என்பது முதலாளியின் நம்பிக்கை. கப்பல் காலையிலேயே நாசில் மாட்டிய ஆறு இன்ஜெக்டரையும் பிரித்து, ஒவ்வொன்றின் ஊசியையும் அது உட்காரும் கூட்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் டீசலில் ஊறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

நான் பார்த்தேன். பூஜை நாளில் இப்படி அழுக்கோடா கிடப்பது என்று தோன்றியது. ஆறு ஊசியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுத் தேய்த்துக் கழுவி, பித்தளைத் தட்டில் வரிசையாக அடுக்கி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன். பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது.

பூசணிக்காயோடு வந்த கப்பல் தட்டைப் பார்த்தார். காயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எந்த ஊசி எந்தக் கூட்டுல இருந்துச்சு வே?"

"எல்லாம் ஒரே அளவுதானுங்களே அண்ணாச்சி" என்றேன்.

அவர் திட்டவில்லை. "கண்ணுக்குத்தான் ஒரே அளவு. ஒவ்வொண்ணும் அதனதன் கூட்டோட சேத்து இழைச்சது. மாறினா ஒண்ணு சிக்கும், இல்ல ஒழுகும். ஒரு பொட்டுக் குங்குமம் உள்ள நின்னாப் போதும், முடிஞ்சுது" என்றார்.

நான் சேர்ந்து ஐந்து மாசம், வேலை நிரந்தரமாகவில்லை. சொந்த ஊர் அன்னூரிலிருந்து மனைவியை அழைத்துவந்து குடிவைத்தது போன மாசம்தான். அவளுக்கு ஏழாம் மாசம். இந்த வேலை போனால் அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து முதலாளி பட்டு வேட்டியில் உள்ளே வந்தார்.

"ஏன்ரீ இது, இன்ஜின் பிச்சுப் போட்டிருக்கு? யாரு மாடித்து, யாரு செஞ்சது?" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

நான் வாயைத் திறப்பதற்குள் கப்பல் சொன்னார்: "நாந்தான் மொதலாளி. கழுவும்போது ஊசி மாறிப்போச்சு. என் கவனக்கொறவு."

"நீங்களா?" முதலாளிக்கே நம்ப முடியவில்லை. "நோட்ரி, இன்னிக்கு மங்களவாரம், செவ்வாய். மூணு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள ஸ்டார்ட் ஆகலேன்னா இன்ஜின் குஜரிக்குப் போகும், பழைய இரும்பா. நீங்களும் ஊருக்குப் போலாம்."

மணி பன்னிரண்டேகால். நான் நல்ல டீசலில் ஊசிகளைத் திரும்பத் திரும்ப அலசிக் கொடுத்தேன். கப்பல் ஒவ்வொன்றையும் கூட்டில் நுழைத்து, மூன்றில் ஒரு பங்கை வெளியே இழுத்து, சாய்த்துப் பிடித்து விடுவார். தன் எடையிலேயே வழுக்கி, தயங்காமல், அவசரமும் படாமல் இறங்கினால் அது ஜோடி. சிக்கினால் இல்லை. பொடேலென்று விழுந்தாலும் இல்லை. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் பார்க்காத பொருத்தம் எல்லாம் அன்று பார்த்தோம். ஐந்து சேர்ந்ததும், "ஆறாவது தானா சேந்துரும்ல அண்ணாச்சி" என்றேன். "அதயும் கேட்டுதான் வே கட்டி வைக்கணும்" என்று அதையும் சாய்த்துப் பார்த்தார்.

பிறகு கை பம்பில் மாட்டி அழுத்தினார். ஆறும் கர்கர்ரென்று கத்திப் பனியாகத் தெளித்தன. ஒரு சொட்டுகூடத் தொங்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, இரண்டு ஐம்பதுக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். முதல் மூச்சில் கொஞ்சம் புகைந்து, பிறகு சுத்தமாக ஓடியது. முதலாளி பூசணிக்காயை உடைத்த வேகத்தில் விதை அவருடைய பட்டு வேட்டி வரை தெறித்தது.

சாயங்காலம் பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்: "ஏனுங்க அண்ணாச்சி, பழிய நீங்க எதுக்கு ஏத்துக்கிட்டீங்க?"

"உமக்கு மூச்சு அடைச்சு நின்னுது வே. பிரஷர் அவ்வளவு ஏறினா எங்கயாவது தொறக்கணும்லா. அதான் நான் தொறந்தேன்" என்றார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜையன்று காலையில் என் மேசைக்கு வந்து, துணியில் சுற்றிய ஒன்றை வைத்தார். தேய்ந்து கழித்துப்போட்ட பழைய நாசில், ஊசியும் கூடுமாக. "இது ஒமக்கு. ஆச தீரப் பொட்டு வையும். என் இன்ஜின் பக்கம் மட்டும் வந்துராதயும்."

இன்றும் ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் கார் காத்திருக்கும், கம்ப்யூட்டர் காத்திருக்கும். முதல் பொட்டு அந்த நாசிலுக்குத்தான்.