மாதுரி கட்டிய வானம்

"இது நட்சத்திரப் படமா, பல்லாங்குழியா?" என்று கேட்டார் ராமபத்ரன்.

மாதுரிக்குச் சுருக்கென்றது. தன் நாவலின் கற்பனைக் கிரகத்துக்குப் பக்கத்து நட்சத்திரங்களையெல்லாம் அட்டையில் வரைந்திருந்தாள். நாவலை வாங்கிப்போகப் பதிப்பாளர் கனகாம்பாள் அன்று சாயங்காலம் கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் இந்த அத்திம்பேர் வந்து உட்கார்ந்துவிட்டார். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வுபெற்றவர்.

"நிஜத்திலே இப்படி வரிசையா நிக்காது, கேட்டியா? சிலது கூடி நிக்கும், சிலது தனியாக் கெடக்கும். முக்காவாசி மங்கின செவப்பு."

அழித்து, மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் வைத்தாள். அட்டையில் ஒன்றுமே தெரியவில்லை.

"வானம் சரியாயிடுத்து. படந்தான் காணலை," என்றார். "பின்னே, எல்லாம் ஒரே மட்டத்திலேயா இருக்கும்? மேலே கீழே வேண்டாமா?"

மாதுரி அட்டையை வீசிவிட்டு அடுக்களைக்குப் போனாள். மங்கல் நட்சத்திரங்களுக்குக் குங்குமம் தடவிய மிளகு, பிரகாசமானவற்றுக்கு ஜாதிக்காய். நூலில் ஒட்டி, ஓர் ஒளியாண்டுக்கு ஒரு சாண் என்று அளந்து, மின்விசிறியிலிருந்து தொங்கவிட்டாள்.

வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை முடிந்து வியர்த்து வந்த கணவன் ஸ்ரீநாத், வழக்கம்போல விசிறியைப் போட்டான்.

அண்டம் ஒரே சுற்றில் விசிறியின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மிளகு பறந்தது. அத்திம்பேர் விடாமல் தும்மினார்.

"நான் அறியாம..." என்று தொடங்கினான் ஸ்ரீநாத்.

"பேசாம ஏணியைப் பிடிங்கோ."

இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. துணிக்கொடியை அறுத்துச் சுவருக்குச் சுவர் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். நட்சத்திரங்கள் மீண்டும் தொங்கின, சில தரையைத் தொடுமளவுக்கு. அதன் பிறகு அடுக்களைக்குத் தவழ்ந்துதான் போக முடிந்தது.

கனகாம்பாளும் தவழ்ந்தே வந்தார். நடுவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவர், ஒரு மிளகை விரலால் தொட்டார்.

"இந்தச் செவப்பைச் சுத்தற கிரகத்திலே வருஷம் எத்தனை நாள்?"

"பதினொண்ணு. ஒரு பக்கம் எப்பவும் பகல், மறுபக்கம் எப்பவும் ராத்திரி."

"இங்கேந்து அந்த ஜாதிக்காய்க்கு?"

"வெளிச்சமே ஆறு வருஷம் போகணும், மாமி."

ராமபத்ரன் சாண் போட்டு அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டார். "தப்பே இல்லை."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாதுரி நிமிர்ந்து நின்றாள். தலையில் இரண்டு மிளகு இடித்தது, பொருட்படுத்தவில்லை.

"இதையே அட்டைப்படமாப் போடறேன்," என்றார் கனகாம்பாள். "ஜெயிச்சுட்டே மோளே. அது சரி, கதாநாயகி பேர் என்ன?"

மாதுரி ஒரு ஜாதிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயாத் தம்ளரோடு தவழ்ந்து வந்த ஸ்ரீநாத் சொன்னான்: "இதுவரைக்கும் வானந்தான் ஆயிருக்கு மாமி. மனுஷா இனிமேத்தான் பொறக்கணும்."