மூழ்க மாட்டேன் என்ற லைன்

போன வாரம் கல்லாய் இறங்கிய தூண்டில் லைன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியின்மேல் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது. மூழ்கும் லைன் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பல் டாக்டர் மறுபடி படித்துப் பார்த்தார்.

வெயில் காலத்தில் மீன்கள் குளிர்ச்சி தேடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை அங்கே கொண்டுசேர்க்கத்தான் இந்தக் கனமான லைன். பக்கத்தில் நின்ற மூத்த சகலையின் லைன் ஒழுங்காக இறங்கியது. டாக்டருக்கு வயிறு எரிந்தது.

வெறும் மீன் விஷயமில்லை. முதலில் பெரிய மீன் பிடிக்கும் மருமகனுக்குத் தன் படகைத் தருவதாக மாமனார் சொல்லியிருந்தார். ஆயுள் முழுக்கப் படகு பழுதுபார்த்தவர் தன் கையாலேயே இழைத்த படகு. அதில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது முழுக்க யாருடைய வாயையும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் நெடுநாள் ஆசை.

நேராகக் கடைக்குப் போனார்.

"மிதக்கிற லைனை என் தலையில கட்டிட்டீங்க."

"உங்க முன்னாடிதானே சார் வாளித் தண்ணியில போட்டுக் காட்டினேன்? யாராவது அதை ஏதாவது பண்ணியிருப்பாங்க."

யாராவது. டாக்டருக்கு அந்த ஒரு சொல் போதும். இருவரின் தூண்டில் பெட்டிகளும் வாரம் முழுக்க மாமனார் வீட்டில்தான் கிடக்கும். சகலைக்கு அடுத்த தெரு.

இன்னும் வேகமாக மூழ்கும் லைனை வாங்கிப் பெட்டியில் வைத்தார். அடுத்த ஞாயிறு அதுவும் மிதந்தது.

"என்ன சகலை, உங்க லைன் நீச்சல் கத்துக்கிச்சா?"

சகலையின் சிரிப்பே சரியில்லை. டாக்டர் மாமனாரை ஓரங்கட்டினார்.

"மாமா, என் பெட்டி உங்க ரூம்லயே இருக்கட்டும். வேற யார் கையும் படக் கூடாது."

"கவலைய விடுங்க மாப்பிள்ளை. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்."

கடையிலேயே மிகக் கனமான லைனையும் வாங்கி மாமனாரிடம் ஒப்படைத்தார். அதற்கடுத்த ஞாயிறு அந்த லைன் மூழ்காதது மட்டுமல்ல, நனையக்கூட இல்லை. தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டது. அந்த நேரம் பார்த்து சகலையின் கம்பு வில்லாக வளைந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் கரையேறியது.

படகு போய்விட்டது. டாக்டர் வெடித்தார்.

"என் லைன்ல கை வச்சது நீங்கதானே?"

"நானா? நீங்க என் லைன்ல கை வச்சிடுவீங்கன்னுதான் நான் முதல் நாள்லேருந்து பெட்டியப் பூட்டி வச்சிருக்கேன்."

"பூட்டற அளவுக்கு அதுல என்ன ரகசியம்?"

இருவருக்கும் நடுவே மாமனார் பதறிக்கொண்டு வந்தார். மெழுகு மணக்கும் கையால் டாக்டரின் தோளைத் தட்டினார்.

"சண்டை வேணாம் மாப்பிள்ளை, உங்க லைன் மூழ்குதுன்னு முதல் வாரமே பாத்துட்டுத்தான், படகுக்குத் தேய்க்கிற மெழுகை எடுத்து வாரா வாரம் அதுக்கும் தேய்ச்சு வைக்கிறேன், அவரு தன் பெட்டியப் பூட்டிட்டதால பாவம், பெரிய மாப்பிள்ளைக்குத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியல."