பூசணிக்காய் மோதிய விமானம்

எனக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையெல்லாம் முதல் நாளே போய்விட்டது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என் பழக்கம். என் வாழ்க்கையில் வந்த வில்லங்கம் முக்கால்வாசி அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

விமானம் என்றதும் ஏர் ஹோஸ்டஸ் மிட்டாய் கொடுப்பதை நினைக்காதீர்கள். மூன்று சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு, தலைக்கு மேலே வெள்ளைத் துணி இறக்கை. எஞ்சினும், மரத்தில் செய்த விசிறியும் ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பாலக்காட்டு எல்லையோரம் வடகரப்பதியில் தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையும் உண்டு. சின்னக்கானல் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் கோழி எரு ஏற்றிப் போவேன். அங்கே ஒரு தோட்டக்காரரின் ஷெட்டில்தான் இதைப் பார்த்தேன். அந்த மலையில் காற்று நின்றால் மூடுபனி இறங்கும், மூடுபனி விலகினால் காற்று அடிக்கும். மனிதர் வெறுத்துப் போய் விற்கத் தயாராக இருந்தார். எரு இறக்கப் போனவன் அதே லாரியில் விமானத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். (புத்தி இருக்கிறவன் திரும்பும்போது ஏலக்காய் வாங்கி வருவான்.)

வேலந்தாவளத்தில் அன்றைக்கு மாட்டுச் சந்தை. லாரி நகரவில்லை. தரகர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவர் மாட்டுக்கு வயசு கேட்கிற மாதிரியே கேட்டார், "ஏனுங், இது எத்தனை பல்லுங்?"

"உங்க வாயில எத்தனை இருக்குதோ அதுல பாதி" என்றேன். அவரும் விடவில்லை. "எரு வாசம் வருதுங்களே, சாணி போடுமுங்களா?"

மைசூர் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் பல மாதம் போய் வந்து ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கினேன். அது சுலபம். அடுத்து இன்சூரன்ஸ். அது இல்லாமல் ஒரு அடி உயரம்கூடப் பறக்கக்கூடாது. டிராக்டருக்கு இன்சூரன்ஸ் போட ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். இதற்கு வந்த பாரத்தைப் படித்து முடிக்கவே ஒரு கோழி பேட்ச் வளர்ந்து விற்பனைக்குப் போய்விட்டது. விமானம் எங்கே நிறுத்தப்படும் என்று கேட்டிருந்தார்கள். "கோழிக் கொட்டாய்" என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஹேங்கர்" என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கொட்டாய் அதேதான், நாற்றமும் அதேதான்.

கடைசியாக, நான் செத்தால் பணம் யாருக்கு என்று ஒரு கட்டம். என் மனைவி சரசு பெயரை எழுதினேன். அவளுடைய ஆதார் நகல் வேண்டும். தரமாட்டேன் என்றுவிட்டாள்.

"என்ற அண்ணன் இந்த ஊட்டுப் படி ஏறோணும். அதுக்கப்புறம் நீங்க ஆகாசத்துல ஏறுங்க."

அவள் அண்ணன் துரைசாமி, என் மச்சான். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் நான்தான். அவர் புது டிராக்டர் வாங்கிப் பூசை போட்ட அன்று, எல்லோர் முன்னாலும், "இந்தத் தகர டப்பா ஆறு மாசம் ஓடாது" என்றேன். உள்ளதைச் சொன்னேன். அது நாலாம் மாதமே நின்றுவிட்டது. நியாயமாகப் பார்த்தால் என்னைப் பாராட்டியிருக்க வேண்டும். மச்சானோ, என் கண் பட்டதால்தான் நின்றது என்று சொல்லிப் பேச்சை முறித்துக்கொண்டார். சரசு இரண்டு பொங்கலுக்கும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. நோம்பி, பண்டிகை நாளில் அவள் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைப்பதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கோழிக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன். (எனக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியாது. பேசினால் இன்னும் கெடும்.)

அதனால் மச்சானைக் கூப்பிட நானே போனேன். "விமானத்துக்குப் பூசை. நீங்க வந்து திருஷ்டி சுத்திப் போடோணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க கண்ணுக்கு நீங்களே பயந்துட்டீங்களாட்ட இருக்குதுங் மாப்ளே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். பூசை முடிந்ததும் வீட்டுக்கும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

சரசு அன்றே ஆதார் நகலைக் கொடுத்தாள். பாலிசி வந்தது. மறுநாள் காலை பூசை.

மச்சான் கொண்டுவந்த பூசணிக்காய் ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். மேலே ஓட்டை போட்டு, உள்ளே ஒரு பொட்டலம் முழுக்கக் குங்குமமும் கைப்பிடிச் சில்லறையும் போட்டிருந்தார். என் கண்ணுக்குச் சாதாரணப் பூசணிக்காய் போதாதாம். மேட்டாங்காட்டு நிலத்தில் நான் சீர்பண்ணி வைத்திருந்த ஓடுபாதையில் விமானத்தை நிறுத்தினோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

எங்கள் ஊரில் வண்டிப் பூசைக்கு ஒரு முறை இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும். பூசணிக்காயைச் சுற்றி, வண்டிக்கு முன்னாடி உடைக்க வேண்டும். உடைத்ததும் வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகரும். டிராக்டருக்கு அப்படித்தான், லாரிக்கும் அப்படித்தான். விமானத்துக்கு எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய ஒரே ஆள் நான். நான் ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, போட்டோவுக்கு முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டார்ட் பண்ணும் முன் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பார்த்தேன். யாரும் இல்லை. மச்சான் என் எதிரில் பூசணிக்காயோடு நின்றார். ஸ்டார்ட் பண்ணினேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மச்சான் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாம் சுற்றில் என் முதுகுப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. வருவார், வருவார் என்று நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் என்ன நடந்தது என்பது பிறகு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டது. பூசணிக்காய் மேல் ஏற்றிய கற்பூரம் விசிறிக் காற்றில் அணைந்துவிட்டது. பற்ற வைத்தார். அணைந்தது. மறுபடி பற்ற வைத்தார், மறுபடி அணைந்தது. கடுப்பாகி, அணைந்த கற்பூரத்தோடு, விசிறிக்கு எதிரிலேயே பூசணிக்காயை ஓங்கித் தரையில் அடித்தார்.

எனக்கு வெடி வெடித்தது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. விமானம் பைத்தியம் பிடித்தது போல உதறியது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

இறக்கை முழுக்கச் சிவப்பு. எஞ்சின் சிவப்பு. தரையில் மச்சான் மல்லாந்து கிடந்தார். தலையிலிருந்து கால்வரை சிவப்பு. அவர் மேலே வெள்ளை வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தது.

"அய்யோ, என்ற அண்ணனைக் கொன்னுட்டீங்களே!" என்று சரசு கத்தியது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது.

இறங்கி ஓட நினைத்தேன். பெல்ட் கழலவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினால் கழலும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே, கட்டிப் போட்ட கன்றுக்குட்டி மாதிரி, "மச்சான்! மச்சான்!" என்று அழுதேன். ஆமாம், அழுதேன். வீடியோவில் இருக்கிறது, மறைக்க முடியாது.

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார். வாயிலிருந்த பூசணி விதையைத் துப்பினார். பிறகு கேட்டார், "ஏனுங் மாப்ளே, இதுக்கு முன்னாடி எதுங்க?"

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த நொடியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. விசிறியின் ஒரு பக்க நுனியைக் காணோம். "கண்ணு தெரியாதா உங்களுக்கு? நான் உக்காந்து பாக்கற பக்கந்தான் முன்னாடி!"

"என்ற டிராக்டர்ல விசிறி எங்கிருக்குது? முன்னாடி. உங்க டிராக்டர்ல? முன்னாடி. கார்ல? முன்னாடி. இதுக்கு மட்டும் பின்னாடி வெச்சா மனுசனுக்கு எப்படிங் தெரியும்?"

"கேட்டிருக்கோணும்!"

"நீங்க சொல்லியிருக்கோணும்! டிராக்டரைப் பத்திக் கேக்காமயே சொன்னீங்களே, இதைச் சொன்னா வாய் வலிக்குமா?"

நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன். பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத முடியாது. மச்சான் அந்தக் கோலத்திலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன வழியில் செக்போஸ்ட்டில் பிடித்து, யாரை வெட்டினாய் என்று கேட்டார்களாம். "வெட்டலீங், இனிமேல்தான்" என்று சொன்னாராம்.

சரசு என்னோடு பேச்சை நிறுத்தினாள். சோறு மட்டும் வந்தது. சோற்றுத் தட்டை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டேன். விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "பூசணிக்காய்" என்று எழுதினேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது. பறவை மோதியதா என்று மூன்றுமுறை கேட்டார்கள். இல்லை, பூசணிக்காய் என்று மூன்றுமுறை சொன்னேன். ஒரு சர்வேயரை அனுப்பினார்கள். பாலக்காட்டு மலையாளி, கையில் குடை, ரொம்ப நிதானமான மனுசன். அவருக்குச் சாட்சியாக மச்சானும் வேண்டும். வந்தார். ஆனால் கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கால் வைக்கமாட்டாராம்.

சர்வேயர் கொட்டாயில் விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். விசிறியில் குத்தி நின்ற ஒரு ரூபாய்க் காசை இடுக்கியால் பிடுங்கி ஒரு கவரில் போட்டு ஒட்டினார்.

"சாரே, விமானம் போய்க் கும்பளங்காவில் இடிச்சதா, கும்பளங்கா வந்து விமானத்தில் இடிச்சதா?" (பூசணிக்காயைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள்.)

"விமானம் நின்னுட்டுத்தான் இருந்துதுங்க. பூசணிக்காய்தான் பறந்துது."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வெளியாள் ஒருவர் உடைத்தார் என்று நான் எழுதிக் கொடுத்தால் கம்பெனி எனக்குப் பணம் தரும், பின்னால் அந்த வெளியாளிடம் கேஸ் போட்டு வசூலிக்கும். பூசைக்காக நானே எஞ்சினை ஓடவிட்டேன் என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது.

"வெளியாள் என் மச்சானுங்க."

"மச்சானுக்கு இந்த பாரத்தில் கோளம் இல்லல்லோ" என்றார் வருத்தமாக. (பாரத்தில் கட்டம் இல்லை என்கிறார்.)

சரசு ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். நான் மச்சானைப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதோரத்தில் இன்னும் குங்குமம் போகவில்லை. அந்தக் காதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நாந்தானுங்க காரணம்" என்றேன். "எஞ்சினை நாந்தான் ஓடவிட்டேன். விசிறி எங்கிருக்குதுன்னு அவருக்கு நான் சொல்லலை. எழுதிக்கோங்க."

அதுவரை திரும்பாத மனுசன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். "ஏனுங், எனக்காக நீங்க பழி ஏத்துக்கோணுமா? அவ்வளவு கேவலமாப் போயிட்டனா? உடைச்சது நாந்தானுங் சார். என்ற பேரை எழுதுங்க!"

"ஸ்டார்ட் பண்ணினது நானு!"

"உடைச்சது நானு!"

"நான் ஸ்டார்ட் பண்ணாம நீங்க என்னத்தை உடைச்சிருப்பீங்க?"

இரண்டு வருஷத்தில் நாங்கள் அப்படி மனசுவிட்டுச் சண்டை போட்டதே இல்லை. சண்டை சூட்டில் அவர் படி ஏறி வீட்டு நடையில் நிற்பதை அவரே கவனிக்கவில்லை. சரசு கவனித்தாள். காப்பியை அவர் கையில் திணித்தாள். கத்திக்கொண்டே குடித்துவிட்டார்.

சர்வேயர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். "ஒரே ஒரு காரியம். கும்பளங்கா உடைச்சது விமானத்தின்டே எந்தப் பக்கம்?"

"முன்னாடி" என்றார் மச்சான்.

"பின்னாடி" என்றேன் நான்.

அந்த நல்ல மனுசன் இரண்டையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு விபத்துகள் நடந்திருப்பதாகத் தெரிகிறது, இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கவும், இரண்டுக்கும் பணம் வராது என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு ரூபாய்க் காசையும் உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். இன்சூரன்ஸில் எனக்கு இதுவரை வந்தது அதுதான்.

புது விசிறி வாங்கிப் போட்டேன். பறந்தும் விட்டேன். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

வீட்டில் எது வாங்கினாலும் மச்சான்தான் பூசணிக்காயோடு வருகிறார். உள்ளே அந்த ஒரு ரூபாய் கட்டாயம் இருக்கும். உடைத்ததும் தேடி எடுத்துப் பத்திரமாக மடியில் முடிந்துகொள்வார். போன மாதம் சரசு வாஷிங் மெஷின் வாங்கினாள். சுவரோரமாக நிற்கிற பெட்டி அது, எங்கேயும் போகாது. மச்சான் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அதற்கு எதிரில் நின்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சரசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"ஏனுங் மாப்ளே, முன்னாடி எதுங்க?"

எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் எழுந்து போய், கையை வைத்துக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.